எக்ஸெல்லில் வராத எக்ஸெல்

கேள்வி: அம்மா, எனக்கு வயது 38. கூடுவாஞ்சேரியில் சொந்த ஃபிளாட். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணத்தோடு கொஞ்சம் லோனும் சேர்த்து வாங்கினோம். அப்பா (71), அம்மா, மனைவி, மகள், நான். ஆபீஸ் அண்ணா சாலையில், எல்ஐசி பக்கம். இப்போது 7.10-க்குக் கிளம்பி, லோக்கலில் கிண்டி வந்து, மெட்ரோ மாறி 9 மணிக்குப் போய்ச் சேர்கிறேன். சாயங்காலமும் இதே கதை, உட்கார இடமே கிடைப்பதில்லை, வீடு வரும்போது உயிர் போகிறது. முழுத் தூரமும் பைக்கில் போகலாமா, கிளாம்பாக்கத்திலிருந்து பஸ் பிடிக்கலாமா, மாதம் 11,000 தவணையில் கார் எடுக்கலாமா, அல்லது நாங்கள் மூவரும் மட்டும் சைதாப்பேட்டையில் 18,000 வாடகைக்குப் போய்விடலாமா? மனைவி சரி என்கிறாள். எல்லாவற்றையும் எக்ஸெல் ஷீட்டாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன். எது சரி என்று சொல்லுங்கள். – கூடுவாஞ்சேரி வாசகர்

பதில்: தம்பி, ‘ஐயோ பாவம், எவ்வளவு அலைச்சல்’ என்று ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து வரும், மறைமலை நகரிலிருந்து வரும், அந்தப் பக்கம் திருநின்றவூரிலிருந்து வரும், மாதத்துக்கு இரண்டாவது வரும். நானே தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு 26 வருடம் லேடீஸ் பெட்டியில் நின்றுகொண்டு போனவள். அதனால் அலைச்சல் பற்றி எனக்கு விளக்க வேண்டாம்.

உங்கள் ஷீட்டை மூன்று தடவை பார்த்தேன். ஐந்து வழி, ஒவ்வொன்றுக்கும் நேரம், செலவு, அப்புறம் ‘சோர்வு, 10-க்கு எத்தனை’ என்று ஒரு கட்டம். நல்ல வேலைதான். ஆனால் முதல் வழியில், ‘வீடு முதல் ஸ்டேஷன் வரை, 3 கி.மீ.’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நேராகச் செலவு 0 என்று போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘அப்பா எக்ஸெல்லில் விட்டுவிடுவார். நவம்பரில் மட்டும் ஆட்டோ 3,840 (அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்).’

நான் அங்கேயே நின்றுவிட்டேன். மற்ற நாலு வழியை அப்புறம்தான் படித்தேன்.

எழுபத்தொரு வயது மனிதர், டிவிஎஸ் எக்ஸெல்லில், 38 வயதுப் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து, ஜிஎஸ்டி ரோட்டைக் கடந்து ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் திரும்புகிறார். ராத்திரி எட்டரைக்கு மறுபடி வருகிறார். ‘தாம்பரம் தாண்டியதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன்’ என்று அதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏதோ கால் டாக்ஸிக்குச் சொல்வது மாதிரி. நீங்கள் கணக்குப் பிரியர் என்பதால் நானும் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு நாலு நடை, 12 கிலோமீட்டர். மாதம் 24 நாள் என்றால் 288. மூன்று வருடத்தில் அந்த நவம்பரைக் கழித்தாலும் பத்தாயிரம் கிலோமீட்டர். கூடுவாஞ்சேரியிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏழு தடவை போய்த் திரும்பும் தூரம் தம்பி, அத்தனையும் அந்த மூன்று கிலோமீட்டரிலேயே ஓட்டித் தீர்த்திருக்கிறார். ஆட்டோக் கூலி மாதம் 3,840 என்று நீங்களே விலை போட்டுவிட்டதால், மீதி 35 மாதத்துக்கு 1,34,400 ரூபாய். அது ஷீட்டில் எங்கே இருக்கிறது? பெட்ரோலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்றும் எழுதவில்லை. அவருடைய பென்ஷன்தான் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சந்தோஷப்படுவேன்.

பணத்தை விடுங்கள். அந்தக் கண் ஆபரேஷன்தான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. இந்த வயதில் அது அநேகமாகக் கண்புரையாகத்தான் இருக்கும். கண்புரை ஒரே ராத்திரியில் வந்து விழுகிற சமாச்சாரம் இல்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வரும். அந்தக் காலமெல்லாம் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் சிதறிப்போய்த் தெரியும், லைட்டைச் சுற்றி வளையம் தெரியும், மழை நாளில் ரோடு எது, தண்ணீர் எது என்றே பிடிபடாது. அதாவது நவம்பருக்கு முந்தின எத்தனையோ ராத்திரிகளில், லாரியும் வெளியூர் பஸ்ஸும் லைட்டை அடித்துக்கொண்டு வரும் ஜிஎஸ்டி ரோட்டை, பாதிப் பார்வையோடு அவர் கடந்து வந்திருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் நீங்கள் மொபைல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களோ என்னவோ. ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் கழித்து மறுபடியும் அவரையே ஓட்டவைத்துவிட்டு, டிசம்பர் கட்டத்தில் திரும்ப 0 என்று போட்டிருக்கிறீர்கள். அந்த சோர்வுக் கட்டத்தில் உங்களுக்கு 8. அவருக்கு எத்தனை என்று கேட்டீர்களா?

இதில் இன்னொன்று. உங்களிடம் பைக் இல்லையென்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன். இருக்கிறது. இரண்டாவது வழியில் அந்த பைக்கிலேயே 40 கிலோமீட்டர் போகத் தயாராக இருக்கிறீர்கள். பிறகு ஏன் அதை எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷன் ஸ்டாண்டில் விடக்கூடாது என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில் பதில் இருக்கிறது: ‘ஸ்டாண்டில் விட்டால் கீறல் விழுகிறது.’

வண்டிக்குக் கீறல் விழக்கூடாது! சரி.

‘அவராகத்தான் வருகிறார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை’ என்று சொல்வீர்கள். தெரியும். எங்கள் அப்பாவும் அப்படித்தான். அப்போது மொபைல் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டார்ச் லைட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே நிற்பார். ஒரு மார்ச் மாதக் கடைசி, ஆபீஸில் வருடக் கணக்கு முடிக்கிற நாள். வேலை முடிந்த பிறகும் நாலு பேர் சேர்ந்து காபி குடித்து, கதை பேசி, நான் வந்து இறங்கும்போது மணி பத்தேகால். ஏழரையிலிருந்து நின்றிருக்கிறார். ‘ஏன்ப்பா இவ்வளவு நேரம்?’ என்றால், ‘சும்மா காத்து வாங்க வந்தேன்’ என்றார். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் என்ன காத்து! அதை அப்படியே நம்பிக்கொண்டு அவரோடு நடந்து வீட்டுக்குப் போனேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அவர்கள் தலைமுறை ‘முடியவில்லை’ என்று வாயைத் திறந்து சொல்லாது. நாமாகத்தான் சாவியை வாங்க வேண்டும். அவருக்கு உங்களை ஏற்றிக்கொண்டு போவதில் ஒரு சந்தோஷம் இருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை, ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேச அந்தப் பத்து நிமிடம்தான் கிடைக்கிறதோ என்னவோ. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஓட்டுங்கள், அவர் பின்னால் உட்காரட்டும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

பைக்கில் முழுத் தூரம் வேண்டாம். வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், பல்லாவரம், கத்திப்பாரா என்று காலை நெரிசலில் ஒவ்வொன்றாகக் கடந்து அண்ணா சாலைக்கு வர வேண்டும், ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டி என்றாலும், பெட்ரோல் நூறு ரூபாய் விற்கிற ஊரில் மாதம் நாலாயிரத்துக்கு மேல் போகும். முதுகு தனியாகப் போகும். காரில் போனால் நனையமாட்டீர்கள். ஆனால் அதே நெரிசலில்தான் ஏசி போட்டுக்கொண்டு நிற்பீர்கள், எல்ஐசி பக்கம் நிறுத்த இடம் தேடி அரை மணி. வீட்டு லோன் இருக்கும்போது 11,000-க்கு இன்னொரு தவணையா? வேண்டாம். கிளாம்பாக்கம் பஸ்ஸும் அப்படித்தான். டெர்மினஸ் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் பஸ் போவது அதே ஜிஎஸ்டி ரோட்டில்தானே.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரைக்கும் மெட்ரோ நீட்டிக்கப் போகிறார்களே, அதுவரை தள்ளிப்போடலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். 15 கிலோமீட்டருக்கு மேல் கட்ட வேண்டிய பாதை. வரும்போது வரட்டும், அதை நம்பி இன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ரயில்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீசன் டிக்கெட்டுக்குச் சில நூறு ரூபாயில் இவ்வளவு தூரம் வேறு எதுவும் உங்களைக் கூட்டிப்போகாது. உட்கார இடமில்லை என்பது நிஜம். செங்கல்பட்டு வண்டிகள் தாம்பரம் வண்டிகளைவிடக் குறைவு, காலையில் உங்கள் ஊர் வரும்போதே சீட்டெல்லாம் முடிந்திருக்கும், சாயங்காலம் தாம்பரத்தில் இறங்குகிறவர்களும் இதிலேயே ஏறிக்கொள்வார்கள். அந்தக் கோபம் எனக்கும் புரியும், நான் அந்தத் தாம்பரக் கூட்டத்தில் ஒருத்தி. ஒரு வழி சொல்கிறேன். கிண்டி வரை நின்றுகொண்டு வராமல் திரிசூலத்தில் இறங்குங்கள். சுரங்கப்பாதையைக் கடந்தால் விமான நிலைய மெட்ரோ. அங்கேதான் வண்டி கிளம்புகிறது, அதனால் எல்ஐசி வரைக்கும் உட்கார்ந்தே போகலாம். சில நிமிடம் கூடும், டிக்கெட்டும் கொஞ்சம் கூடும். உங்கள் ஷீட்டில் ஏன் இது இல்லை என்று தெரியவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து பீச்-செங்கல்பட்டு தடத்தில் ஏசி லோக்கலும் ஓடுகிறது. குறைந்த கட்டணமே 35 ரூபாய், நடையும் கொஞ்சம்தான், தினசரிக்கு வேண்டாம். உடம்பு முடியாத நாளில் நேரம் ஒத்து வந்தால் ஏறிக்கொள்ளுங்கள்.

வீடு முதல் ஸ்டேஷன் வரை உங்கள் பைக். கீறல் விழட்டும். மழை கொட்டுகிற நாளில் ஆட்டோ. 80 ரூபாய் கொடுக்க முடியாதவர் காருக்கு 11,000 கட்டுவேன் என்று சொல்லக்கூடாது.

சைதாப்பேட்டைதான் பாக்கி. எல்லோரும் சேர்ந்து போவதென்றால், அப்பா அம்மா மனசார வருகிறார்கள் என்றால், இந்த ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ‘நாங்கள் மூவரும் மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நான் சரி சொல்லமாட்டேன். மனைவியிடம் கேட்டிருக்கிறீர்கள், நல்லது. யாருடைய ரிட்டயர்மென்ட் பணம் அந்தச் சுவரில் இருக்கிறதோ அவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தன் சேமிப்பு முழுவதையும் கொட்டி, பிள்ளையோடும் பேத்தியோடும் இருக்கலாம் என்று நகரத்தின் ஓரத்துக்கு வந்த மனிதரை, அங்கேயே அம்மாவோடு விட்டுவிட்டு வருவதற்குப் பெயர் வீடு மாறுவது இல்லை. இது பழங்காலத்துப் பேச்சு என்று தோன்றினால் தோன்றட்டும். பெற்றவர்களை எல்லாக் குடும்பத்திலும் கூடவே வைத்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் பணத்தில் வாங்கிய வீட்டில் அவர்களைத் தனியாக விடுவது வேறு.

கடைசியாக ஒன்று. கண் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள், மறுபடி எப்போது காட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். எங்கே இருக்கிறது என்று அம்மாவைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். அநேகமாக ஆபீஸ் நாளாகத்தான் இருக்கும், லீவு சொல்லிவிடுங்கள். ராத்திரியில் ஓட்டலாமா என்று டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், அப்பா கேட்கமாட்டார். அடுத்த கடிதத்தில் ஷீட் வேண்டாம், டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் எழுதுங்கள்.