வாசகர் கேள்வி – பதில்: தூக்க ஆளில்லாமல் வளர்ந்த குழந்தைகள்

கேள்வி: ருமேனியாவின் அரசு இல்லங்களில் வளர்ந்த குழந்தைகள் உடலும் அறிவும் குன்றிப் போனார்கள் என்று படித்தேன். வேளாவேளைக்கு உணவும் மருந்தும் கிடைத்த குழந்தைக்கு வேறு என்ன குறை இருந்திருக்க முடியும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இந்தக் கேள்வியை 1945-இலேயே மனநல மருத்துவர் ரெனே ஸ்பிட்ஸ் எழுப்பிவிட்டார். அவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று, சுத்தமும் மருத்துவ வசதியும் நல்ல உணவும் இருந்த குழந்தைகள் காப்பகம்; அங்கே ஒரு செவிலி பல குழந்தைகளைக் கவனித்தார். மற்றொன்று, சிறைக் கைதிகளான தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே கவனித்துக்கொண்ட சிறைக் காப்பகம். முதல் இடத்தில் இருந்த 91 குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். அங்கே தட்டம்மை பரவியது உண்மைதான். ஆனால் பிழைத்தவர்களிலும் பலர் வயதுக்கேற்றபடி நடக்கவோ பேசவோ இல்லை. சிறைக் காப்பகக் குழந்தைகள் ஓடியாடி வளர்ந்தார்கள்.

ருமேனியாவில் நடந்தது இதைவிடப் பன்மடங்கு பெரியது. மக்கள்தொகையைப் பெருக்க விரும்பிய ருமேனியாவின் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் நிக்கோலாய் சௌசெஸ்கு 1966-இல் 770-ஆம் எண் ஆணையின் மூலம் கருக்கலைப்பைத் தடை செய்தார். கருத்தடைச் சாதனங்கள் கிடைக்கவில்லை. பிள்ளை இல்லாதவர்கள் மீது வரியும் விதிக்கப்பட்டது. வளர்க்க வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். அரசும் அதையே ஊக்குவித்தது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லங்களில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தனர் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அந்த இல்லங்களில் வரிசை வரிசையாகக் கம்பிக் கட்டில்கள். ஒரு பணியாளருக்குப் பத்துப் பதினைந்து குழந்தைகள். அந்தப் பணியாளரும் ஷிப்டு முடிந்தால் மாறிவிடுவார். சாப்பாடு, குளியல், கழிப்பறை எல்லாமே எல்லோருக்கும் ஒரே நேரத்தில். கைக்குழந்தைகள் நிறைந்த அறைகளில் அழுகுரலே கேட்காததை உள்ளே சென்ற ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அழுதும் யாரும் வருவதில்லை என்று கண்ட குழந்தை அழுவதை நிறுத்திவிடுகிறது. பலர் மணிக்கணக்கில் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டும், தங்கள் கையையே முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

குழந்தை 'ங்கா' என்றால் அம்மா 'என்னடா தங்கம்' என்று கேட்கிறாள். அது சிரித்தால் பாட்டியும் சிரிக்கிறாள். கை நீட்டினால் யாராவது தூக்குகிறார்கள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலை எதிர்பார்த்தே மூளை பிறக்கிறது. முதல் சில ஆண்டுகளில் நரம்புச் செல்களுக்கிடையே தேவைக்கும் அதிகமான இணைப்புகள் உருவாகி, பயன்படுபவை உறுதிப்பட, பயன்படாதவை களையப்படுகின்றன. மறுமொழி சொல்ல ஆளில்லாத குழந்தையிடம் உறுதிப்பட வேண்டியவற்றில் பல உறுதிப்படாமல் போகின்றன. உடல்கூடத் தப்புவதில்லை: கடும் புறக்கணிப்பில் வளர்ச்சி ஹார்மோன் குறைந்து உயரம் தடைப்படுவதும், அதே குழந்தையை அன்பான வீட்டுக்கு மாற்றியதும் மளமளவென்று வளர்வதும் மருத்துவத்தில் அறியப்பட்டவை.

இதைத் திட்டவட்டமாகக் காட்டியது, அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூவரும் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் நடத்திய ஆய்வு. இல்லங்களில் இருந்த, ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரையிலான 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, தாங்களே பயிற்சி கொடுத்து உருவாக்கிய வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மற்றவர்களை இல்லத்திலேயே விட்டது சரியா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அது உறுத்துகிறது. அப்போது அந்நகரில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே அநேகமாக இல்லை என்பதும், இல்லத்திலிருந்த எந்தக் குழந்தைக்கும் குடும்பம் கிடைத்தால் ஆய்வாளர்கள் தடுக்கவில்லை என்பதும் அவர்கள் தரப்பு நியாயம். நாலரை வயதில் சோதித்தபோது இல்லத்துக் குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 73. வளர்ப்புக் குடும்பத்துக்குச் சென்றவர்களுக்கு 81. பெற்றோரிடமே வளர்ந்த அவ்வூர்க் குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்த குழந்தைகளுக்கு எட்டு வயதில் எடுத்த மூளையின் மின் அலைப் பதிவு (இ.இ.ஜி.), வீட்டில் வளர்ந்த குழந்தைகளுடையதை ஒத்திருந்தது. தாமதமாகச் சென்றவர்களுடையது அப்படி இல்லை.

கேள்வி: பேசவே கற்காமல் பல ஆண்டுகள் அடைத்து வைக்கப்பட்ட பிள்ளையைப் பிறகு மீட்டெடுக்க முடியுமா? இதற்கு வயது வரம்பு உண்டா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இரண்டு நிகழ்வுகளை அடுத்தடுத்துச் சொன்னால் விடை ஓரளவு புலப்படும். 1970 நவம்பரில் கலிபோர்னியாவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி கண்டுபிடிக்கப்பட்டாள். ஆய்வாளர்கள் அவளுக்கு வைத்த புனைபெயர் ஜீனி. ஏறத்தாழ இருபது மாத வயது தொட்டு ஓர் அறையில், பகலெல்லாம் மலம் கழிக்கும் இருக்கையோடு கட்டப்பட்டு, சத்தம் எழுப்பினால் அடி வாங்கி வளர்ந்தவள். மீட்கப்பட்டபின் ஏராளமான சொற்களைக் கற்றாள். தன் பழைய துன்பத்தைக்கூடச் சொற்களால் சுட்டிக்காட்டினாள். ஆனால் அவளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த மொழியியலாளர் சூசன் கர்டிஸ் பதிவு செய்தபடி, வாக்கிய அமைப்பு மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. ஆராய்ச்சிக்கான பணம் நின்றதும் அவள் ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டு, அங்கும் துன்புறுத்தப்பட்டாள். அவளைப் பற்றி எழுதுபவர்களில் சிலர் மொழியோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த இரண்டாவது கொடுமையைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

செக்கோஸ்லோவாகியாவில் 1960-இல் பிறந்த இரட்டைச் சகோதரர்களின் கதை வேறு. தாய் இறந்தபின், தந்தையின் மறுமணத்தைத் தொடர்ந்து சிற்றன்னை அவர்களை ஏழு வயது வரை குளிர்ந்த சிறு அறையிலும், அடிக்கடி நிலவறையிலும் அடைத்து வைத்திருந்தார். மீட்டபோது, எலும்பை வலுவிழக்கச் செய்யும் ரிக்கெட்ஸ் நோயால் ஒழுங்காக நடக்க முடியவில்லை. பேச்சு அநேகமாக இல்லை. உளவியலாளர் யார்மிலா கொலுகோவா அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். மணமாகாத இரு சகோதரிகள் பொறுமையும் பாசமுமாக அவர்களை வளர்க்க, பதினான்கு வயதுக்குள் அறிவிலும் மொழியிலும் வயதொத்த பிள்ளைகளை எட்டிவிட்டார்கள். பின்னாளில் தொழிற்பயிற்சி பெற்று, திருமணமும் செய்துகொண்டார்கள்.

இவர்களைக் கண்டபோது வயது ஏழு, ஜீனிக்குப் பதின்மூன்று. இவர்களுக்கு இருட்டறையிலும் ஒருவருக்கு ஒருவர் துணை இருந்தது, ஜீனிக்கு யாருமில்லை. மீட்டபின் நிலையான வீடு இவர்களுக்குக் கிடைத்தது. அவளுக்கு அதுவும் நிலைக்கவில்லை. இதில் எது எவ்வளவு காரணம் என்று இந்த இரண்டு நிகழ்வுகளை மட்டும் வைத்துப் பிரித்தறிய இயலாது. மொழியின் இலக்கணத்துக்குச் சிறுவயதே ஏற்ற காலம் என்பதில் ஐயமில்லை. அதற்காகக் காலம் கடந்த பிள்ளைக்கு எதுவும் செய்யத் தேவையில்லை என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: நான் வேலைக்குச் செல்கிறேன். பத்து மாதக் குழந்தையை மாலை வரை என் மாமியார் பார்த்துக்கொள்கிறார். இதுவும் புறக்கணிப்பாகுமா?
– வாசகி, ஓசூர்

பதில்: ஆகாது. உங்கள் மாமியார் குழந்தையோடு பேசுகிறார், தூக்குகிறார், அழுதால் ஓடிவருகிறார். குழந்தைக்கு வேண்டியது அதுதான். அது தாயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பழகிய முகமாக, தொடர்ந்து வருபவராக இருந்தால் போதும். நிம்மதியாக வேலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் தத்தெடுக்க இருக்கும் பெண் குழந்தைக்கு இரண்டரை வயது. பிறந்தது முதல் இல்லத்தில்தான் இருக்கிறாள். "பெரிய குழந்தை ஒட்டாது, புத்தியும் மட்டாக இருக்கும்" என்று நாத்தனார் சொல்கிறார். பயமாக இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் நாத்தனார் சொல்வது விதி அல்ல. ருமேனியாவிலிருந்து பிரிட்டனில் தத்தெடுக்கப்பட்ட 165 குழந்தைகளை, மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் தொடங்கிய ஆய்வு வளர்ந்த பருவம் வரை பின்தொடர்ந்தது. ஆறு மாத வயதுக்குள் வந்தவர்கள் மற்ற தத்துப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்குமேல் இல்லத்தில் இருந்தவர்களிடம் கவனக்குறைவும் உறவில் தடுமாற்றமும் கூடுதலாக இருந்தன. ஆனாலும் அவர்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்தப் பருவத்திலும் குறிப்பிடத்தக்க தொல்லை இல்லாமல் வளர்ந்தார். தொடக்கத்தில் அறிவு வளர்ச்சியில் பின்தங்கியிருந்த பலரும் இளமைப் பருவத்துக்குள் சராசரியை எட்டினார்கள். இவை அந்த நாட்டின் மிக மோசமான இல்லங்களிலிருந்து வந்த பிள்ளைகளின் கணக்கு. உங்கள் மகள் இருக்கும் இல்லத்தில் ஒருவருக்கு எத்தனை குழந்தைகள், அவளுக்கென்று பழகிய ஆயா யாராவது உண்டா என்று கேட்டறியுங்கள். அப்படி ஒருவர் இருந்தால், அழைத்து வருவதற்கு முன் அவர் மடியில் இருக்கும்போதே அவளோடு பழகுங்கள்.

வந்த புதிதில் அவள் உணவை ஒளித்து வைக்கலாம், படுக்கையில் ஆடிக்கொண்டே தூங்கலாம், கண்டிக்காதீர்கள். முன்பின் தெரியாதவர் மடியிலும் தயங்காமல் ஏறி உட்கார்ந்தால், "எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிறாள்" என்று மகிழ்ந்துவிட வேண்டாம். தனக்கென ஒருவர் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளிடம் அது அடிக்கடி காணப்படும் அறிகுறி. முதல் சில மாதங்களுக்கு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் தூங்க வைப்பதும் நீங்கள் இருவர் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்து விசேஷங்களைத் தள்ளிப்போடுங்கள். செவித்திறன், பார்வை, இரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றைச் சோதித்துவிடுங்கள். பேச்சு வரத் தாமதமானால், "தானே வரும்" என்று காத்திராமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் அந்த மாதமே அழைத்துச் செல்லுங்கள்.