மாட்டின் நாலாவது கால்

அன்புள்ள ஐயா,

கோவையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை பக்கம். ஒரு பேய்ப்பட ட்ரெய்லரை எடுத்துக்கொண்டு, அதன் ஷாட்கள் எப்படிப் பய உணர்வை உண்டாக்குகின்றன என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் எடுத்தது 2 நிமிடம் 10 நொடி ஓடுகிறது. மொத்தம் 104 ஷாட்கள். எல்லாவற்றையும் அட்டவணை போட்டு இணைத்திருக்கிறேன். லோ ஆங்கிள், சாய்ந்த கேமரா, நீல நிற கிரேடிங், க்ளோசப் எல்லாம் குறித்தாயிற்று. ஆனால் எழுத உட்கார்ந்தால் 'இது பயத்தை உண்டாக்குகிறது' என்றே திரும்பத் திரும்ப வருகிறது. இத்தனைக்கும் எனக்கு அதைப் பார்த்துப் பயமே வரவில்லை. எங்கே தவறு செய்கிறேன்? எங்கள் ஊரில் சினிமா பற்றிப் பேச ஆள் கிடையாது. பனைமரமும் காற்றும்தான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அட்டவணையை முழுதாகப் படித்தேன். ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்திருக்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பனைமரமும் காற்றும்தானா? அவ்வளவு பெரிய சொத்தை வைத்துக்கொண்டு இல்லாதவர் மாதிரி எழுதுகிறீர்களே.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். நீல நிறத்தை விட்டுவிடுங்கள். இப்போது சோப்பு விளம்பரம்கூட நீலமாகத்தான் வருகிறது. சாய்ந்த கேமராவையும் விடுங்கள். திடீரென்று எல்லாச் சத்தமும் அடங்கி, அப்புறம் இடி மாதிரி ஒரு பிஜிஎம் வருகிறதே, அந்த இடத்துக்கு எதிரே 'உச்சகட்ட பயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது திடுக்கிடல். முதுகுக்குப் பின்னால் பட்டாசு வெடித்தாலும் அதே திடுக்கிடல்தான் வரும். அடுத்த நொடி போய்விடும்.

என் அம்மா பிறந்த ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம். உங்களுக்குத் தெரிந்த இடம்தான். ஒடியனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இருட்டில் மாடாகவோ நாயாகவோ உருமாறி வந்து வழிமறிப்பவன். என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்லும் கதையில், என்னதான் மாறினாலும் ஒடியனுக்கு ஏதாவது ஒன்று குறையும். மாடாக வந்தால் ஒரு கால் இருக்காது, இல்லையென்றால் வால் இருக்காது. (ஒடியன் என்று யாரைச் சொன்னார்கள், எந்தச் சாதிக்காரனைச் சொன்னார்கள், எந்தப் பண்ணையார் அவனை ஏவினார் என்பதெல்லாம் தனியாகப் பேசவேண்டிய கொடுமை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

எனக்குப் பத்து வயது இருக்கும். மாமாவும் நானும் செகண்ட் ஷோ முடிந்து வரப்பு வழியாக வந்துகொண்டிருந்தோம். மார்கழி. பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று அடிக்கிற மாதம். அத்தனை பெரிய மலைத்தொடரில் 30 கிலோமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி. காற்று முழுக்க அது வழியாகத்தான் போகவேண்டும். காய்ந்த பனைமட்டைகள் ஒன்றோடொன்று உரசுவது, யாரோ பாயைச் சுருட்டுவது போலக் கேட்டது. மாமா கையில் எரிகிற தென்னோலைச் சூட்டு. வரப்பு தெரியவேண்டும் என்று தாழ்த்திப் பிடித்திருந்தார். முழங்காலுக்கு மேலே ஒரே இருட்டு.

ஒரு பனையடியில் மாடு நின்றது. எனக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்தான். மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தி, "காலை எண்ணு சாமி" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைக் காணோம்.

ஒரு கால் இன்னொன்றுக்குப் பின்னால் மறைந்திருக்கும் என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்கு அந்த யோசனையே வரவில்லை. மாமா பேசவும் இல்லை, நகரவும் இல்லை. குளம்பில் ஒட்டிய சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதற்கு மேலே தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. மாடு உடம்பை மாற்றி நின்றபோது நாலாவது கால் வெளியே வந்தது. "நாலு" என்றேன். மாமா சூட்டை மெல்ல உயர்த்தினார். "வாலைப் பாரு" என்றார்.

தம்பி, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். எண்ணுவதற்கு ஏதோ ஒன்று இருக்கவேண்டும். எண்ணி முடிக்க நேரமும் வேண்டும். உங்கள் ட்ரெய்லரில் 130 நொடியில் 104 ஷாட். வகுத்துப் பாருங்கள், ஒரு ஷாட்டுக்கு ஒன்றேகால் நொடி. ஒன்று, இரண்டு என்று ஆரம்பிப்பதற்குள் கட். மறுபடி ஒன்று, இரண்டு, மறுபடி கட். கண்ணுக்கு வேலையே கொடுக்காமல், பயப்படு பயப்படு என்று காதில் கத்தினால் யாருக்குப் பயம் வரும்? உங்களுக்கு வரவில்லை என்றால் உங்கள் கண் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதை மறைத்துவிட்டு எல்லாக் கட்டத்திலும் 'பயம்' என்று எழுதினீர்களே, அதுதான் தவறு.

1980இல் வந்த 'தி ஷைனிங்' படத்தின் ட்ரெய்லர் மொத்தமும் ஒரே ஷாட். ஒரு ஹோட்டலின் லிஃப்ட் கதவுகள், பக்கத்தில் நாற்காலிகள். கேமரா அசையாது. ஆள் கிடையாது. எழுத்துகள் கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருக்கும். நமக்கு வேறு வேலை இல்லாததால் கதவையே பார்க்கிறோம். எது திறக்கும், எப்போது திறக்கும், அந்த நாற்காலி முதலிலேயே அங்கே இருந்ததா? கடைசியில் ரத்தம் வெள்ளமாகப் பாய்ந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு கேமராவையே மூடிவிடும். அதற்கு வெகுநேரம் முன்பே நாம் பயந்து முடித்திருப்போம். 1960இல் 'சைக்கோ'வுக்கு அதன் இயக்குநர் ஹிட்ச்காக் செய்த ட்ரெய்லரையும் தேடிப் பாருங்கள். ஆறு நிமிடத்துக்கும் மேலாக, காலி வீட்டை அவரே சுற்றிக் காட்டுவார். இந்த அறையில் என்ன நடந்தது தெரியுமா என்று ஆரம்பிப்பார், பாதியில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

இப்போது உங்கள் அட்டவணையின் 38ஆவது வரிக்கு வாருங்கள். 'குடும்பம் சாப்பிடுகிறது. நார்மல் ஷாட். 2 நொடி. முக்கியமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் நாலு பேர். போட்டிருக்கும் இலை ஐந்து. ஐந்தாவது இலையிலும் சோறு பரிமாறியிருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் பிசைந்திருக்கிறது. யாரோ ஒரு நல்ல கலைஞர் அதைச் செய்து வைத்திருக்கிறார். எடிட்டர் இரண்டே நொடியில் வெட்டிவிட்டார். நீங்களும் முக்கியமில்லை என்று தள்ளிவிட்டீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. மற்ற 103 ஷாட்டையும் விட்டுவிட்டு இந்த ஒன்றைப் பற்றி நாலு பக்கம் எழுதுங்கள்.

அப்புறம், மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போவீர்கள் இல்லையா? சாயங்காலம் ஒரு பனையடிக்குப் போய், போனைத் தரையில் சாய்த்து வைத்து, ஒரு நிமிடம் தொடாமல் விட்டு எடுங்கள். அதை எனக்கு அனுப்புங்கள். வெளிச்சம் போவதற்குள் திரும்பிவிடுங்கள், வரப்பில் பாம்பு கிடக்கும்.