அரசாங்கம் தொடர்பான ஸ்பானிஷ் சொற்களை எப்படிக் கற்றுக்கொள்வது?

நீங்கள் ஸ்பெயின் விசாவுக்குக் காத்திருப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். வேறு யாருக்கு இந்தக் கவலை வரப்போகிறது?

நானும் பட்டியல் போட்டுப் படித்தவன்தான். கீழவைக்கு 350 உறுப்பினர்கள், மன்னர் இருக்கும் நாட்டிலேயே பிரதமரைப் 'பிரெசிதெந்தே' என்பார்கள், எல்லாம் மனப்பாடம். மாட்ரிட் வந்த இரண்டாவது வாரம் குடியிருப்புப் பதிவுக்காக மாநகராட்சி அலுவலகம் போனேன். பதிவு முடிந்ததும் கவுன்ட்டரில் இருந்த அம்மையார், "போலாந்தே வேண்டுமா?" என்றார். நான் படித்த போலாந்தே, காரின் ஸ்டியரிங். என்னிடம் கார் இல்லை என்று இலக்கணப் பிழையில்லாமல் பதில் சொன்னேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்தவரை அழைத்தார். முகவரிச் சான்றாகத் தரும் சீட்டுக்கும் அதே பெயர் என்பது, அடையாள அட்டைக்குப் போன இடத்தில் அதைக் கேட்டபோதுதான் தெரிந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி நேரம் கிடைக்க ஒன்றரை மாதம்.

அதன் பிறகு கவுன்ட்டரில் காதில் விழுந்ததை மட்டும் நோட்டில் எழுதினேன். 'இன்ஸ்தான்சியா' என்றால் மனு. 'தாசா' என்றால் கட்டணம். 'மொதேலோ 790' அதைக் கட்டும் படிவம். 'சீத்தா பிரேபியா' முன்பதிவு. சீத்தாப்பழமாவது கடையில் கிடைக்கும், இது கிடைக்காது. மேயரான 'அல்கால்தே', அரபியின் 'அல் காதி'யிலிருந்து வந்தவர், நம் ஊர்க் காஜிக்கு உறவு. அந்தச் சொல் மட்டும் எனக்கு மறந்ததே இல்லை.

மெக்சிகோவில் மேயருக்குப் 'பிரெசிதெந்தே முனிசிபால்' என்று பெயர், தெரியும், பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள். நாடாளுமன்றச் சொற்கள் வீண் என்றும் நான் சொல்லவில்லை. குடியுரிமைத் தேர்வில் 25 கேள்விகளுக்கு 15 சரியாக இருக்க வேண்டும், அங்கே அவை உதவும். ஆனால் இந்தியர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பொதுவாக 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். போலாந்தே இரண்டாவது வாரமே வேண்டும்.

சொல்ல மறந்தேன், 'அபெயீதோ' என்றால் குடும்பப் பெயர். ஒவ்வொரு படிவத்திலும் இரண்டு கேட்பார்கள். இனிஷியலோடு பிறந்தவன் இரண்டுக்கு எங்கே போவது? பாஸ்போர்ட்டில் இருந்த அப்பாவின் பெயரை எழுதினேன், இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டேன். சென்ற மாதம் ஓர் அலுவலகத்தில் அப்பாவின் பெயரை மூன்று முறை உரக்க அழைத்தார்கள். யாரோ நம் ஊர்க்காரர் வந்திருக்கிறார் என்று நானும் ஆவலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.