விளக்கு வைக்கும் நேரத்தில் வீறிட்டு அழும் குழந்தை

கேள்வி: என் மகனுக்கு 5 வாரம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் முகம் சிவந்து, காலை மடக்கிக்கொண்டு 2 மணி நேரம் அழுகிறான். வயிறு கடமுடவென்கிறது. மாமியார் வசம்பு உரைத்துக் கொடுக்கலாம் என்கிறார், பக்கத்து வீட்டில் கிரைப் வாட்டர் என்கிறார்கள். நான் பருப்பு சாப்பிட்டதுதான் காரணமா?

பதில்: இல்லைம்மா, பருப்பு காரணமில்லை. உங்கள் குடலில் உண்டாகும் வாயு தாய்ப்பாலுக்குள் போகாது, அதனால் ரசமும் சோறுமாகப் பத்தியம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பிறந்து 2, 3 வாரத்தில் தொடங்கும் இந்தச் சாயங்கால அழுகை 6 வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், 3 அல்லது 4 மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். நீங்கள் இப்போது அந்த உச்சத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு களைப்பு. வாயுவினால் அழுகிறான் என்று நினைக்கிறோம், ஆனால் பல நேரம் அழுது அழுது காற்றை விழுங்குவதால்தான் வயிறு உப்புகிறது.

அதனால் வீறிடும் வரை காத்திருக்காமல், கையைச் சப்பத் தொடங்கும்போதே பால் கொடுங்கள். காம்பு மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியிலும் பெரும்பகுதி அவன் வாய்க்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் 'டக் டக்' என்று சத்தம் வரும், காற்றும் உள்ளே போகும். ஒரு பக்கம் முடிந்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு 5 முதல் 10 நிமிடம் மெதுவாக முதுகைத் தட்டுங்கள். ஏப்பம் வராவிட்டால் பரவாயில்லை, விடாமல் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அப்புறம் அழும்போது உங்கள் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, வயிறு உங்கள் கையில் பதியும்படி தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள், நிறையக் குழந்தைகள் இதிலேயே அடங்கிவிடும். பால் குடித்து அரை மணி நேரம் கழித்துத் தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றும் திசையில் தேங்காய் எண்ணெய் தடவலாம், காலைச் சைக்கிள் மிதிப்பது போல மெல்ல அசைக்கலாம். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான்.

வசம்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'பேர் சொல்லா மருந்து' என்று நம் பாட்டிமார் நம்பிக் கொடுத்ததுதான், உங்கள் மாமியாரும் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அதில் இருக்கும் பீட்டா அசரோன் நஞ்சு, வசம்பு கொடுத்த பச்சைக் குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்திருக்கின்றன. சுட்டு உரைத்தாலும் வேண்டாம். கிரைப் வாட்டரால் இந்த அழுகை நிற்கும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. தேன், சர்க்கரைத் தண்ணீர், வெற்றிலைக் காம்பு வைத்து மலம் எடுப்பது, எதுவும் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால்தான், டாக்டர் எழுதித் தரும் வைட்டமின் டி போன்ற மருந்து தவிர. மலம் ஒரு நாளைக்கு 7 தடவை போனாலும், கொஞ்ச நாள் போகாமல் இருந்து இளகலாகப் போனாலும் இந்த வயதில் சகஜம்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால், வயிறு கல் மாதிரி இறுகினால், தொடை இடுக்கில் புடைப்பு தெரிந்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அழுகையில் திடீர் மாற்றம் தெரிந்தால் விரல்களைப் பாருங்கள், உங்கள் தலைமுடி சுற்றி இறுக்கியிருக்கலாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. பொறுமை போய்விட்டது என்று தோன்றினால் அவனைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு 5 நிமிடம் வெளியே போய் நில்லுங்கள், தப்பே இல்லை. எவ்வளவு கோபம் வந்தாலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது, மூளைக்குள் ரத்தம் கசியும். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது அவன் அப்பாவோ உங்கள் மாமியாரோ தூக்கிக்கொள்ளட்டும், இதை நான் சொன்னதாகவே வீட்டில் சொல்லுங்கள்.