மீதியை நாளையிடம் ஒப்படையுங்கள்

கேள்வி: அம்மா, எனக்கு 38 வயது. கணவர் கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் கவனித்துக்கொண்டு, வீட்டிலேயே தையல் வேலையும் செய்கிறேன். தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் அன்றைய வேலைகளை எழுதிவைப்பேன். இரவில் பார்த்தால் பாதிகூட முடிந்திருக்காது. மீதியைப் பார்க்கப் பார்க்க, எதற்கும் லாயக்கில்லாதவள் என்று நெஞ்சை அடைக்கிறது. தாளைக் கசக்கி அடுப்பில் போட்டுவிடுகிறேன். பட்டியல் போடுவதையே விட்டுவிடலாமா?
– வாசகி, வில்பட்டி

பதில்: கடிதத்தோடு, அடுப்புக்குத் தப்பிய ஒரு தாளையும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். முன்பக்கம் ஐப்பசி மாதத்துத் தேதி, நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் பென்சிலில் 14 வரிகள். அவற்றில் ஐந்தை அடித்திருக்கிறீர்கள். அடித்த கோடுகள் மெல்லியவை. அடிக்காத வரிகளுக்குப் பக்கத்தில் பென்சில் முனை தாளைக் குத்திக் கிழித்த தடம் தெரிகிறது. அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதலில், அந்தத் தாளில் இல்லாதவற்றைச் சொல்கிறேன். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியது இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு கட்டிக் கொடுத்தது இல்லை. மாமியாருக்கு வெந்நீர் போட்டது, மூன்று வேளைச் சமையல், பாத்திரம், எதுவும் இல்லை. அவற்றை வேலை என்றே நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் அவைதான் உங்கள் பகலில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் நான்கைந்து மணி நேரத்துக்குள் 14 வேலைகளைத் திணித்துவிட்டு, முடியவில்லையே என்று உங்களை நீங்களே வைகிறீர்கள். இது நியாயமில்லை அம்மா.

அடுத்து, அதில் இருப்பவை. "கம்பளி காயவைக்க" என்று ஒரு வரி. ஐப்பசி மூட்டத்தில் கம்பளி காய்வது உங்கள் கையிலா இருக்கிறது? "வீடு" என்று ஒற்றைச் சொல்லில் ஒரு வரி. வீட்டில் எதை? ஒட்டடையா, ஒழுகும் தகரமா, ஜன்னல் கண்ணாடியா? அந்த வரியை எந்த நாளிலும் யாராலும் அடிக்க முடியாது.

நான் 33 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். எனக்குத் தெரிந்த பட்டியல், வார்டில் ஒரு டியூட்டி முடிந்து அடுத்த டியூட்டிக்காரரிடம் ஒப்படைக்கும்போது எழுதும் ரிப்போர்ட் புத்தகம்தான். அதில் நான் பட்ட பாடத்தை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். மலையடிவாரத்தில் ஒரு மருத்துவமனை. பகல் டியூட்டியில் நானும் இன்னொருத்தியும் மட்டும். மரம் அறுக்கும்போது கால் கிழிந்து வந்த ஒருவருக்கு மாலையில் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அன்றைக்கு அடுத்தடுத்து மூன்று பேரைச் சேர்த்தார்கள். கட்டு மாற்ற நேரமே கிடைக்கவில்லை. ரிப்போர்ட் எழுதும்போது, "மாற்றவில்லை" என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. புதிதாக வந்தவள், கையாலாகாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்று அந்த வரியையே எழுதாமல் விட்டுவிட்டேன். இரவு டியூட்டிக்காரர் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். காலையில் நான் போனபோது கட்டு நனைந்து புண்ணோடு ஒட்டியிருந்தது. உப்பு நீர் ஊற்றி ஊற்றி, இழை இழையாகப் பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆனது. அந்த மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமே போடாமல் படுத்திருந்தார். எங்கள் மூத்த சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. புத்தகத்தை என் முன் விரித்து வைத்து, "செய்ய முடியாமல் போனதற்கு நான் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன். எழுதாமல் விட்டாயே, அதற்கு என்ன சொல்கிறாய்?" என்றார்.

அன்றிலிருந்து பாக்கியை எழுதுவதில் எனக்கு வெட்கம் போய்விட்டது. வார்டில் யாரும் பாக்கியே இல்லாமல் வீட்டுக்குப் போவதில்லை. எது பாக்கி, எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதி ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். போனவர் நிம்மதியாகத் தூங்கலாம், வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

உங்கள் தாளையும் இப்படித்தான் முடிக்கச் சொல்கிறேன். இரவில் எண்ணிப் பார்க்காதீர்கள். மறுநாள் காலை டியூட்டிக்கு வரப்போகிற ஒருத்திக்கு எழுதுவதுபோல் மீதியை எழுதுங்கள். அவளும் நீங்கள்தான், ஆனால் தூங்கி எழுந்தவள். "ரவிக்கை 4" என்று உங்கள் தாளில் அடிக்காமல் கிடக்கிறது. அதை, "இரண்டு முடிந்தது. மூன்றாவதற்குக் கொக்கி தைக்க வேண்டும். நீல நூல் தீர்ந்துவிட்டது, பிள்ளையைப் பஸ் ஏற்றப் போகும்போது வாங்க வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். பாதி வேலை முடிந்திருப்பது அப்போதுதான் உங்கள் கண்ணிலேயே படும்.

இரவில் இதை எழுதுவதற்கு இன்னொரு பலனும் உண்டு. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2018-ல் வெளிவந்தது. படுக்குமுன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். மறுபாதிப் பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். அவர்களிலும் எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்திருக்கிறது. படித்தபோது என் ரிப்போர்ட் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது.

காலையில் எழுதும் வரிகளைக் குறைக்கவும் வேண்டும். நம் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் மனிதர்கள் எல்லோருமே தவறுகிறோம். கனடாவில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனதோ 55 நாள். இது 1994-ல் வெளிவந்த ஆய்வு. படித்த பிள்ளைகளின் கதியே இது என்றால், நடுநடுவே மாமியார் கூப்பிட, வாசலில் ஆள் வர, மின்சாரம் போக வேலை செய்யும் உங்களுக்கு? ஐந்து வரி எழுதுங்கள், போதும்.

ஒரே வரி மூன்று இரவு ஒப்படைக்கப்பட்டால் மட்டும் நின்று விசாரியுங்கள். வார்டில் அப்படித்தான் செய்வோம். பொருள் இல்லையா, ஆள் இல்லையா, யாராவது சரி என்று சொல்லக் காத்திருக்கிறதா, அல்லது அந்த வேலையே இனித் தேவையில்லையா? தேவையில்லை என்றால் அடித்துவிடலாம். அதுவும் முடித்த வேலைதான்.

தாளை அடுப்பில் மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: பூம்பாறையில் பூண்டு, உருளைக்கிழங்கு விவசாயம் செய்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை வேலைத் திட்டம் எழுதுவேன். மழை, மூட்டம், ஆள் வராதது என்று பாதி கெட்டுவிடும். என் அப்பா எதையும் எழுதாமலே பிழைத்தார். எழுதுவது வீண்தானே?
– வாசகர், பூம்பாறை

பதில்: வீண் இல்லை ஐயா. கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறதே, பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். 1899-ல் தொடங்கியது. 1904 முதல் அங்கே சூரியனை நாள்தோறும் படம் எடுத்து வருகிறார்கள். நாள்தோறும் என்றால், வானம் விட்டால்தான். நம் ஊர் மழைக்காலம் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? எத்தனையோ நாட்களுக்குப் படமே இல்லை. ஆனால் மூட்டம் விலகிய நாளில் மறுபடி எடுத்தார்கள். அந்த மலை உச்சியில்தான் 1909-ல் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். நூறாண்டைத் தாண்டிய அந்தப் படங்களை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள், இடைவெளிகளோடுதான்.

ஆகவே கெட்டுப்போன நாளில் "செய்யவில்லை" என்று எழுதாமல் "மூட்டம்" என்று எழுதுங்கள். "ஆள் வரவில்லை" என்று எழுதுங்கள். இரண்டு வருடம் எழுதினால், எந்த மாதத்தில் எத்தனை நாள் வெயில் கிடைக்கும் என்று உங்கள் நிலத்துக்கே உரிய கணக்கு உங்கள் கையில் இருக்கும். உங்கள் அப்பா எழுதாமல் இருந்திருக்கலாம். மனதில் அந்தக் கணக்கை வைத்திருந்திருப்பார்.

கேள்வி: நான் பட்டியல் எழுதிச் சமையலறையில் ஒட்டினால், என் கணவர் மாலையில் வந்து ஒவ்வொன்றாகப் படித்து, "இது ஆச்சா, அது ஆச்சா" என்று கேட்கிறார். கோபம் வருகிறது. ஒளித்துவைக்கலாமா?
– வாசகி, பண்ணைக்காடு

பதில்: ஒளிக்க வேண்டாம். அவர் கேட்பது மேற்பார்வை பார்க்கிறவர் கேட்கும் கேள்வி. டியூட்டி மாறும்போது உள்ளே வருகிறவர் அப்படிக் கேட்க மாட்டார், "எனக்கு என்ன பாக்கி?" என்றுதான் கேட்பார். நாளை மாலை அவர் தாளைப் படிக்கத் தொடங்கியதும், பென்சிலை அவர் கையில் கொடுங்கள். ரேஷன் கடை, காஸ் பதிவு, பள்ளிக் கட்டணம் மாதிரி இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில் அவர் பெயரை அவரே எழுதட்டும். மறுநாள் மாலை அந்த இரண்டு வரிகளைப் பற்றி நீங்கள் அவரிடம் கேளுங்கள், அன்பாகவே. அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.