ட்ராக்கில் கார் ஓட்டப் போகிறீர்களா? முதலில் காப்புறுதிப் பத்திரத்தைப் படியுங்கள்
வாசகர் கேள்வி பதில்

ஏப்ரல் சீசன் நெருங்கும்போது மலையகத்தில் கார் ஆசை கொஞ்சம் கூடும், நுவரெலியாப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் கேட்டிருப்பது ட்ராக் டே பற்றித்தான். அதாவது போட்டி, பரிசு எதுவும் இல்லாமல், பணம் கட்டி, மூடிய பந்தயப் பாதையில் உங்கள் காரையே வேகமாக ஓட்டிப் பழகும் நாள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: லீசிங்கில் எடுத்த ஸ்விஃப்ட் கார் வைத்திருக்கிறேன். கூட்டாளிமார் கீழ்நாட்டில் ஒரு ட்ராக்கை ஒரு நாளுக்கு எடுத்து ஓட்டப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, வருடா வருடம் ஒழுங்காகக் கட்டுகிறேன். அது போதும்தானே?
*வாசகர், ஹட்டன்*

போதாது தம்பி. உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, காரை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லும் பகுதியைத் தேடுங்கள். வாடகைக்கு ஓடுவது பற்றிய வரிக்குப் பக்கத்திலேயே பந்தயம், வேகச் சோதனை, வாகனத்தின் தாங்குதிறன் பார்க்கும் ஓட்டம் என்று ஒரு வரி வரும், இவற்றுக்குக் காரைப் பயன்படுத்தினால் காப்புறுதி இல்லை என்று. நம் நாட்டில் மட்டும் இல்லை, இந்தியப் பத்திரங்களிலும் ஏறக்குறைய இதே வரிதான். "நாங்கள் பந்தயம் ஓடவில்லையே, சும்மா பழகினோம்" என்று சொல்லித் தப்ப முடியாது, வேகச் சோதனை என்ற சொல்லே அங்கே உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது இருக்குமே என்று நினைக்கலாம். மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருப்பது வாகனம் வீதியில் ஓடுவதற்காக. மூடிய பாதையில் நீங்கள் இன்னொருவரின் காரில் மோதினாலோ, ஓரத்தில் நிற்பவருக்கு அடிபட்டாலோ அது உங்களுக்குக் கைகொடுக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் சொன்ன லீசிங் விஷயம். கடன் முடியும்வரை அந்தக் காரின் முற்றுரிமையாளர் ஃபினான்ஸ் கம்பெனி, நீங்கள் பதிவு செய்த உரிமையாளர் மட்டும்தான். கார் திரும்பக் கட்ட முடியாத அளவுக்கு நொறுங்கி, காப்புறுதியும் கை விரித்துவிட்டால் மாதத் தவணை நிற்காது. இல்லாத காருக்கு வருடக்கணக்கில் கட்ட வேண்டும், நீங்கள் கட்டத் தவறினால் உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட பிணையாளரைத் தேடி வருவார்கள். அநேகமாக அது உங்கள் மாமாவாகவோ கூட வேலை செய்யும் ஒரு அண்ணனாகவோ இருக்கும். அவர் பிணை நின்றது நீங்கள் வேலைக்குப் போய்வர ஒரு கார் வாங்குவதற்காக.

அப்படியும் போக வேண்டும் என்றால் உங்கள் காப்புறுதிக் கம்பெனிக்குக் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ எழுதுங்கள்: இந்தத் திகதியில், இந்த இடத்தில், போட்டி இல்லாத ஓட்டப் பயிற்சி, அந்த ஒரு நாளுக்கு மேலதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு காப்புத் தருவீர்களா என்று. பதிலும் எழுத்தில் வர வேண்டும். ஏஜன்ட் ஃபோனில் "பிரச்சினை இல்லை சேர், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னதை வைத்து நாளைக்கு ஒரு சதம் வாங்க முடியாது. ஏற்பாட்டாளரிடமும் கேளுங்கள். "நாங்கள் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோம்" என்று அவர் சொன்னால், யாருக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. வழக்கமாக அது ஏற்பாட்டாளர் மீது வரும் வழக்குக்கும், பார்க்க வந்த பொதுமக்களுக்கும்தான், உங்கள் காரின் பொனட்டுக்கு இல்லை. அப்புறம் காலையில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள், எல்லாம் என் சொந்தப் பொறுப்பில் என்று எழுதியிருக்கும். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்தினாலும் அதை முழுதாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

காப்பு எதுவும் கிடைக்கவில்லை என்றால், அந்தக் காரின் முழு விலையையும் அன்றைக்கே இழக்க உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். லீசிங் கார் என்றால் என் பதில், போக வேண்டாம். ஆசையை அடக்கச் சொல்லவில்லை, பண்டாரகமையில் கோ-கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டிகள் ஓட்டும் பாதை இருக்கிறது, கூட்டாளிமாரையும் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் உள்ளே போய் எங்கே வெளியே வருவது என்பதை அந்தச் சின்ன வண்டியே நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

கேள்வி: ட்ராக்கில் அடிபட்டால் காரை வெளியே கொண்டுவந்து, வீதியில் நடந்ததாகச் சொல்லி க்ளெய்ம் பண்ணலாம் என்கிறார்களே?
*வாசகர், தலவாக்கலை*

வேண்டாம். அது மோசடி. காப்புறுதி ஒப்பந்தம் நிற்பதே இரண்டு பக்கமும் உண்மையை முழுதாகச் சொல்லும் என்ற அடிப்படையில்தான், பொய் சொல்லிப் பிடிபட்டால் அந்த க்ளெய்ம் போவதோடு முடியாது. விபத்தைப் பார்க்க வருகிற மதிப்பீட்டாளருக்கு டயரின் ஓரம் தேய்ந்திருப்பதும் பிரேக் டிஸ்க் நிறம் மாறியிருப்பதும் தெரியும், அன்றைக்குக் கூட்டாளி ஃபேஸ்புக்கில் போட்ட வீடியோவும் தெரியும். உண்மையான க்ளெய்மை நியாயமில்லாமல் மறுத்தால் அது வேறு விஷயம், அதற்கு முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், தயங்காமல் எழுதலாம்.

கேள்வி: மகன் இங்கிலாந்தில் வேலை செய்கிறான். அங்கே ட்ராக் டேக்கு என்றே தனி இன்சூரன்ஸ் விற்கிறார்களாம். நம்பலாமா? ஓட்டுவதற்கு என்ன கேட்பார்கள்?
*வாசகர், பதுளை*

உண்மைதான் ஐயா, அங்கே ஒரு நாளுக்கோ பல நாட்களுக்கோ தனியாக வாங்கலாம். ஆனால் அது என்ன தருகிறது என்று மகன் பார்க்க வேண்டும். வழக்கமாக அது சொந்தக் காரின் விபத்துச் சேதத்துக்கு மட்டும், முன்கூட்டியே ஒத்துக்கொண்ட பெறுமதி வரைக்கும். அதிலும் முதல் பங்கு நம் கையிலிருந்து போகும், அது சாதாரண வீதிக் காப்புறுதியில் இருப்பதைவிட நிறையப் பெரிய தொகை. பங்கு பத்து வீதம் என்று வைத்துக்கொண்டால் 20,000 பவுண் காரில் முதல் 2,000 பவுண் மகனுடையது. எஞ்சின் பழுதானால், கியர்பொக்ஸ் போனால், டயர் தேய்ந்தால் ஒன்றும் கிடைக்காது. மற்றவருக்கு ஏற்படும் சேதமும் பெரும்பாலும் அதில் சேராது, ட்ராக் டேயில் அவரவர் கார் அவரவர் பொறுப்பு என்பதே பொதுவான ஏற்பாடு.

செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டக் கேட்பார்கள், ஹெல்மெட் வேண்டும், கையும் காலும் மூடிய உடை வேண்டும். காலையில் விளக்கக் கூட்டம் நடக்கும், அதற்கு வராதவரை ஓட்ட விடமாட்டார்கள். அப்புறம் முன்னால் ஒரு கார் மெதுவாக வழிகாட்ட எல்லோரும் பின்னால் போய்ப் பாதையைப் பார்க்கும் சுற்றுகள். முந்துவதற்கு ஒரு பக்கம் மட்டும்தான், அதுவும் முன்னால் போகிறவர் இடம் விட்டால். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கக்கூடாது. சத்தத்துக்கும் அளவு உண்டு, பல இடங்களில் நின்ற நிலையில் 105 டெசிபல், புகைக்குழாயை மாற்றிச் சத்தம் அந்த அளவைத் தாண்டினால் ஓட்ட விடமாட்டார்கள்.

ஜேர்மனியின் நூர்பர்க்ரிங்குக்குப் போகிறேன் என்று சொன்னால் மட்டும் இரண்டு தடவை கேளுங்கள். அந்த 20.8 கிலோமீற்றர் பாதை பொதுமக்களுக்குத் திறக்கும் நாட்களில் சட்டப்படி கட்டண வீதிதான், ஆனாலும் பிரித்தானியப் பத்திரங்கள் பலவற்றில் அதன் பெயரையே குறிப்பிட்டு விலக்கியிருப்பார்கள். ஓரத்து இரும்புத் தடுப்பை இடித்தால் அதைத் திருத்தும் செலவும், காரை இழுக்கும் செலவும் ஓட்டியவர் தலையில்தான்.

கேள்வி: தம்பிக்குப் பதினெட்டு முடிந்து இப்போதுதான் லைசன் கிடைத்தது. ட்ராக்கில் ஓட்ட அது போதுமா? மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதுமா? காரில் என்ன பார்க்க வேண்டும்?
*வாசகி, பண்டாரவளை*

லைசன் சட்டத்துக்குப் போதும் சகோதரி, கைக்குப் போதாது. முதல் நாள் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், அப்படி ஒருவரை ஏற்பாட்டாளர் தராவிட்டால் தம்பியை அனுப்பாதீர்கள்.

ஹெல்மெட்டில் ஸ்நெல் முத்திரையைப் பாருங்கள், ஹெல்மெட்டுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் அமைப்பு அது. எம் என்ற எழுத்து மோட்டார் சைக்கிளுக்கு, எஸ்.ஏ. கார்ப் பந்தயத்துக்கு, எஸ்.ஏ. 2020 என்பது போல வருடமும் இருக்கும். எஸ்.ஏ. வகையில் உட்துணி தீப்பிடிக்காமல் இருக்கிறதா என்றும், தலை காரின் உள்கம்பியில் இடித்தால் தாங்குமா என்றும் கூடுதலாகச் சோதிக்கிறார்கள். சில ஏற்பாட்டாளர்கள் மற்றதையும் ஒத்துக்கொள்வார்கள், முதலே கேட்டுவிடுங்கள். நைலோன் உடுப்பு வேண்டாம், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி நல்லது. செருப்போடு யாரையும் ஏற விடாதீர்கள்.

காரில் எனக்கு முதலில் பிரேக் எண்ணெய். மலையில் ஓட்டுகிற நாம் கியரில் இறக்குவோம், பிரேக்கை அளவாகத்தான் தொடுவோம், அது நல்ல பழக்கம். ட்ராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை முழு வேகத்திலிருந்து அழுத்த வேண்டும். பிரேக் எண்ணெயின் தரத்தை டாட் 3, டாட் 4 என்று போத்தலில் போட்டிருப்பார்கள். புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 3 என்றால் 205. ஆனால் இந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏறிய டாட் 4க்குத் தரக் கணக்கே 155தான். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் அடிவரைக்கும் போயும் கார் நிற்காது. பனியும் மழையுமான நம் ஊர்களில் வருடக்கணக்காக மாற்றாத எண்ணெயோடு போவது உயிரோடு விளையாடுவது. கராஜ் பாஸிடம் சொல்லி முழுதாக மாற்றுங்கள், பிரேக் பேட் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், சில்லு நட்டுகளை இறுக்கி, பட்டரி அசையாமல் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காருக்குள் இருக்கிற போத்தல், ஜக், குடை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், பெடலுக்குக் கீழே உருண்டு வரும் ஒரு தண்ணீர்ப் போத்தல் பிரேக்கை அழுத்த விடாது.

இன்னொன்று, நம் பக்கத்துக் கார்களுக்கே உரியது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், பண்டாரவளையும் 1,200க்கு மேல். மெல்லிய காற்றில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு இழுவை குறைவு. கீழே இறங்கினால் அதே கார் நீங்கள் பழகியதைவிடப் பலமாக இழுக்கும், வளைவுக்கு நினைத்ததைவிட வேகமாக வந்து சேர்வீர்கள். டயர்க் காற்றையும் வீட்டில் அளந்ததோடு விடாமல் அங்கே காலையில் டயர் ஆறியிருக்கும்போது மறுபடி அளக்க வேண்டும்.

கொடிகளைத் தம்பி மனப்பாடம் பண்ணட்டும்: மஞ்சள் என்றால் வேகம் குறை, முந்தாதே, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, நிதானமாகத் திரும்பு, கறுப்பு என்றால் உள்ளே வா, உன்னோடு பேச வேண்டும்.

கேள்வி: மகன் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார் ஓட்டத்தில் கலந்துகொள்ளப் போவதாகச் சொல்கிறான். ட்ராக் டே மாதிரித்தான் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.
*ஒரு தாய், நுவரெலியா*

அம்மா, அது ட்ராக் டே இல்லை, போட்டி. 1934இல் தொடங்கிய ஓட்டம், நேரத்தை அளந்து வெற்றி தோல்வி சொல்வார்கள். வீதி லைசனுக்கு மேலே போட்டியாளர் உரிமம் வேண்டும், கார் பரிசோதனையில் தேற வேண்டும், எந்த வகுப்பில் ஓடுகிறாரோ அதன் விதிப்படி பாதுகாப்புக் கூண்டு, பெல்ட், தீயணைப்பான், தீ தாங்கும் உடை. இவ்வளவும் கேட்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி, இரவில் ராதல்லை வீதியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஓட்டிப் பழகுகிற பிள்ளைகளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. மகன் அப்படிப் பழகினால் அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும், அந்த வீதியில் எதிரே வண்டிகள் வரும்.

உங்கள் பயத்தைச் சின்னதாக்க மாட்டேன். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் ஓட்டத்தில் பாதையை விட்டு விலகிய கார் ஓரத்தில் நின்றவர்கள் மேல் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். ஆகவே மகன் ஓடுவதைப் பார்க்கப் போனால் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள், தடுப்புக்குப் பின்னால், உயரமான மேட்டில் நில்லுங்கள். மற்றவர் எங்கே நின்றாலும் சரி.

மகனிடம் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. ஏற்பாட்டாளரின் காப்புறுதியில் போட்டியாளரின் சொந்தக் காயத்துக்கு எவ்வளவு இருக்கிறது, அதை எழுத்தில் காட்டுவார்களா? அப்புறம், அவர் பெயரில் ஆயுள் காப்புறுதி இருந்தால் அதில் ஆபத்தான விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் கையில் வரும்வரை நுழைவுக் கட்டணத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.