டப்பா மாற்றினால் சத்தம் மாறுமா?

கேள்வி: அண்ணாச்சி, சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிறேன். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்க காலால் மிதிக்கும் என் ஓவர்டிரைவ் பெடல் பிளாஸ்டிக் உடம்பு. மிதித்து மிதித்து சுவிட்ச் பக்கம் விரிசல் விட்டுவிட்டது, அடாப்டர் செருகும் இடமும் ஆடுகிறது. உள்ளே சர்க்யூட் போர்டு நன்றாக இருக்கிறது, டியூப் ஸ்கிரீமர் என்ற பிரபல ஓவர்டிரைவ் பெடலின் சர்க்யூட்தான் என்கிறார்கள். இரும்புப் பெட்டியோ அலுமினியப் பெட்டியோ வாங்கி அதற்குள் மாற்றி, அப்படியே பேஸும் கொஞ்சம் கூட்டலாமா? எவர்சில்வர் டிபன் பாக்ஸே போதும் என்கிறான் என் கூட்டுக்காரன்.
- வாசகர், குழித்துறை

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி, ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். பெட்டியை மாற்றி, பழைய சத்தம் பழையபடி வருகிறதா என்று பார்த்த பிறகு போர்டில் கை வையுங்கள். இல்லையென்றால் கடைசியில் சத்தமே வராதபோது தப்பு வயரிலா, மாற்றிய கெபாசிட்டரிலா என்று தெரியாமல் ராத்திரி முழுக்க மல்டிமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள்.

எவர்சில்வர் ஹம் என்கிற கரண்ட் இரைச்சலைத் தடுக்கும், அதில் குறையில்லை. ஆனால் தகடு மெலிசு, மிதித்தால் உள்வாங்கும், ஓட்டை போடுவதும் பெரும்பாடு. வார்ப்பு அலுமினியப் பெட்டிதான் சரி. எல்லாரும் 1590 பி என்ற மாடல் பெட்டியைச் சொல்வார்கள். அது 112க்கு 60 மில்லிமீட்டர், உயரம் 31தான். பார்க்க அழகு, வேலை செய்யக் கொடுமை. முதல் தடவை என்றால் அகலமான 1590 பிபி வாங்குங்கள், 119க்கு 94 வரும். அதற்கும் முன்னால் போர்டை அளந்துவிடுங்கள், கேபிள் செருகும் ஜாக்குகள் உள்ளே எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதையும் சேர்த்து. போர்டை மட்டும் அளந்து பெட்டி வாங்கிவிட்டு, ஜாக் முட்டுகிறது என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது சுவிட்ச். ஒன்பது கால் உள்ள த்ரீ பி.டி.டி. சுவிட்சை உடனே வாங்கிவிடாதீர்கள். பழைய சுவிட்சின் இரண்டு காலிலும் மல்டிமீட்டரை பீப் வைத்துப் பாருங்கள். அழுத்தும்போது கத்தி, விட்டதும் நின்றுவிட்டால் அது வெறும் புஷ் பட்டன். ஆன் ஆஃப் வேலையை போர்டே செய்கிறது. அதற்கு விட்டால் திரும்பிவிடும் கால் சுவிட்ச் ஒன்று, இரண்டு வயர், அவ்வளவுதான். ட்ரூ பைபாஸ், அதாவது ஆஃப் செய்தால் சிக்னல் போர்டைத் தொடாமல் நேராகப் போகும் வசதி, இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நீளமான கேபிள் போடும் மேடையில், சிக்னல் தெம்பு குறையாமல் அனுப்பும் போர்டின் பஃபர் நல்லதுதான் செய்யும்.

இனி நான் சொல்வதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கிட்டார் பெடல்களின் 9 வோல்ட் அடாப்டரில் நடுவில் மைனஸ், வெளிவளையத்தில் பிளஸ். உங்கள் அடாப்டரிலும் அந்தப் படம் இருக்கும், பாருங்கள். அடாப்டர் செருகும் பவர் ஜாக் உலோக உடம்பாக இருந்தால் அந்த பிளஸ் பெட்டியைத் தொடும். பெட்டியோ இன்புட் ஜாக் வழியாக கிரவுண்டில் இருக்கிறது. செருகின உடனே ஷார்ட். அதனால் பிளாஸ்டிக் உடம்புள்ள பவர் ஜாக் மட்டும்தான், அதற்கு 12 மில்லிமீட்டர் ஓட்டை. கால் சுவிட்சுக்கும் 12 போதும், கிட்டார் ஜாக்குக்குப் பத்துக்குக் கொஞ்சம் குறைய. திருகும் நாப்களை போர்டிலேயே பற்றவைத்திருந்தால் அவற்றுக்கு இடையிலான இடைவெளியை அப்படியே காகிதத்தில் எடுத்து, பெட்டியின் வெளிப்பக்கம் ஒட்டிக் குறியுங்கள். உள்பக்கம் குறித்தால் இடம் வலம் மாறிப்போகும். பஞ்ச் அடித்து, 3 மில்லிமீட்டர் பிட்டால் தொடங்கி, ஸ்டெப் பிட்டால் பெரிதாக்குங்கள். டிரில் இல்லையென்றால் மார்த்தாண்டத்தில் ஏதாவது லேத் பட்டறையில் கொடுங்கள், ஆனால் குறித்துக் கொடுப்பது நீங்களாக இருக்கட்டும்.

மூடுவதற்கு முன் போர்டின் அடியில் கெட்டி அட்டையோ இன்சுலேஷன் டேப்போ வையுங்கள், சால்டர் முனை பெட்டியில் பட்டால் கதை முடிந்தது. ஸ்பிரே பெயின்ட் ஆசை இருந்தால் இடவப்பாதி மழை போகட்டும். ஈரக்காற்றில் அடித்தால் மேலே வெள்ளை படரும்.

சரி, பேஸ். அசல் சர்க்யூட்டில் 4.7 கே ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்துதான் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே டிரைவை, அதாவது கரகரப்பை, குறைக்கின்றன. கெபாசிட்டர் மேல் 473 என்று இருக்கும். அதை எடுத்துவிட்டு 104, அதாவது 0.1 போட்டால் அந்தக் கோடு 340 பக்கம் இறங்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். கீபோர்டும் பேஸ் கிட்டாரும் உள்ள கொயரில்? குழம்பும். அந்த பெடல் கீழ் சத்தத்தை வெட்டுவதால்தான் கூட்டத்தில் கிட்டார் தனியாகக் கேட்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத் தொடமாட்டேன். எதையாவது மாற்றியே தீருவேன் என்றால் சத்தத்தைக் கரகரப்பாக்கும் கிளிப்பிங் டயோடு இரண்டையும் கழற்றி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சிவப்பு எல்.ஈ.டி. போட்டுப் பாருங்கள், சத்தம் கூடும், நசுங்கல் குறையும். போர்டில் பாகங்கள் அரிசிக்குறுணை மாதிரி இருந்தால் இதெல்லாம் வேண்டாம், பெட்டியோடு நிறுத்துங்கள்.

கேள்வி: என் மகள் தன் பெடலைத் தானே உலோகப் பெட்டிக்கு மாற்றினாள். வேலை செய்கிறது, ஆனால் ஒரே இரைச்சல். திருவிழா மேடையில் இன்னும் மோசம். எங்கே கோளாறு?
- வாசகி, பாறசாலை

பதில்: முதலில் மகளுக்குச் சபாஷ். அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டச் சொல்லுங்கள். இரைச்சல் போனால் குற்றவாளி அடாப்டர், அல்லது ஒரே அடாப்டரிலிருந்து பல பெடலுக்குப் பிரிக்கும் வயர். போகவில்லையென்றால் பெட்டியை விரலால் தொடட்டும். தொட்டதும் குறைந்தால் பெட்டி கிரவுண்டில் இல்லை என்று அர்த்தம். ஜாக்கின் அடியில் பெயின்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியும்படி முறுக்கினால் சரியாகிவிடும். மேடையில் மட்டும் கூடுகிறது என்றால் பெடலைத் திட்டாதீர்கள், லைட் டிம்மர்களின் இரைச்சலைக் கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கும் சிங்கிள் காயில் பிக்கப்பே இழுத்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே கொஞ்சம் திரும்பி நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: இதற்கான சாமான்கள் எங்கே கிடைக்கும்?
- வாசகர், களியக்காவிளை

பதில்: ரெசிஸ்டர், கெபாசிட்டர், டயோடு எல்லாம் டிவி ரிப்பேர் கடைக்காரரிடமே கேளுங்கள், சில்லறைக்குக் கிடைக்கும். எர்ணாகுளம் போனால் பள்ளிமுக்கு, சென்னை போனால் ரிச்சி தெரு. அலுமினியப் பெட்டியும் கால் சுவிட்சும் ஆன்லைனில் வாங்குவதுதான் நடக்கிற காரியம். சுவிட்ச் மட்டும் இரண்டாக வாங்குங்கள், சால்டர் வைக்கும் சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகி ஒன்று போய்விடலாம்.

கேள்வி: டப்பா மாற்றின பெடலை அப்புறம் விற்க முடியுமா?
- வாசகர், கொல்லங்கோடு

பதில்: விற்கலாம், விலை குறையும். கழற்றின பாகங்களை ஒரு கவரில் போட்டு வைத்து, வாங்குகிறவரிடம் சேர்த்துக் கொடுங்கள். கையில் இருப்பது 1980 வாக்கில் வந்த அசல் டியூப் ஸ்கிரீமர் டி.எஸ். 808 என்றால் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.